இரும்பு முளையில் மோதிய லான் மோவர்: தீப்பொறி இருந்தும் சரியாக ஓடாத எஞ்சின்

உதகையில் பெரிய புல்தரையுடன் கூடிய ஒரு தங்கும் விடுதி. கல்யாண வரவேற்பு முடிந்த மறுநாள் காலை ஷாமியானா போட்டவர்கள் துணியையும் கம்பங்களையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு கட்டுவதற்காக அடித்திருந்த இரும்பு முளைகளில் ஒன்று மட்டும் தரையிலேயே தங்கிவிட்டது. நீலகிரிப் புல்தரைகளில் கிக்குயு புல் அதிகம். தண்டோடு தண்டு பின்னிக்கொண்டு அடர்ந்து படரும் அந்தப் புல்லுக்குள் இரண்டு விரல் உயர இரும்பு வெளியே தெரிய வழியே இல்லை. தோட்டக்காரர் புல் வெட்டும் மோவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். 'ணங்' என்று ஒரு சத்தம். எஞ்சின் அங்கேயே நின்றது.

குன்னூரில் தேயிலைக் கவாத்து இயந்திரங்களும் பிரஷ் கட்டர்களும் பழுது பார்க்கும் என் பட்டறைக்கு அந்த மோவர் வந்து சேர்ந்தபோது, அதை ஏற்கெனவே ஒருவர் பார்த்து முடித்திருந்தார். அவர் செய்ததையும் சேர்த்துத்தான் இதை எழுத வேண்டும். ஏனென்றால் அவர் செய்தது எதுவுமே தவறான வேலை அல்ல, ஆனால் ஒன்றுகூட இந்தப் பழுதைத் தொடவில்லை.

மோவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நின்று தள்ளும் வகை, 21 அங்குல (53 செ.மீ.) பிளேடு. 160 சிசி அளவுள்ள, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான க்ராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும். அதன் கீழ்முனையில் பிளேடு, மேல்முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம். நடுவே கிளட்ச் கிடையாது, பெல்ட் கிடையாது. பிளேடு நின்றால் க்ராங்க் நின்றாக வேண்டும்.

தோட்டக்காரர் சொன்ன புகார் சுருக்கமானது. "அண்ணா, கயிற்றை இழுத்தால் கையைப் பிடுங்குகிறது. சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது. ஆனாலும் புல்லுக்குள் விட்டதும் திணறி நின்றுவிடுகிறது. புகை வேறு."

அடிபடுவதற்கு முன்னால் எப்படி ஓடியது என்று கேட்டேன். "நன்றாகத்தான் ஓடியது. அன்று காலையில் பாதித் தரையை வெட்டி முடித்துவிட்டேனே."

அதற்குப் பிறகு உள்ளூரில் இருசக்கர வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்திருக்கிறார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். புது ஸ்பார்க் ப்ளக் போட்டார். டேங்கில் இருந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். ப்ளக்கை வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். நீலமாக, பலமாகத் தீப்பொறி வந்தது. கட்டைவிரலால் ப்ளக் துளையை அடைத்துப் பார்த்தார், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் வலு) இருந்தது. கடைசியில் எத்தனால் கலந்த பெட்ரோலையும் மலை உயரத்தையும் குறை சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முழுவதும் மூலையில் கிடந்த மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நானும் இதே வரிசையில்தான் போவேன். பெட்ரோல், ப்ளக், கார்புரேட்டர் என்று பார்த்தால் பெரும்பாலும் பழுது அகப்பட்டுவிடும். இங்கே நிலைமை வேறு. ஒரு நொடி வரை நன்றாக ஓடிய எஞ்சின், அந்த நொடிக்குப் பிறகு சரியாக ஓடவில்லை. உதகையின் உயரம் அந்த நொடியில் மாறவில்லை. பெட்ரோலும் மாறவில்லை. மாறாமல் இருந்த ஒன்று, மாறிப்போன ஒன்றுக்குக் காரணமாக முடியாது. அதிர்ச்சியில் டேங்க் அடியில் இருந்த வண்டல் கிளம்பி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கலாம்; அது நியாயமான சந்தேகம். ஆனால் கார்புரேட்டரைத்தான் அவர் சுத்தம் செய்துவிட்டாரே. ஆகவே நான் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: முளை கொடுத்த அடி எஞ்சினுக்குள் எந்த வழியாகப் போனது, போகும் வழியில் எதை அசைத்தது?

அடியின் கணக்கு

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது 53 செ.மீ. பிளேடின் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 84 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர். அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. பி71.1 என்ற தரவிதி, பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்கிறது; அது விநாடிக்கு 96.5 மீட்டர். இந்த அளவுப் பிளேடை 3,600 சுற்றில் ஓட்டினால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படி ஓடும் பிளேடு முளையில் மோதி நிற்கிறது. க்ராங்கும் நிற்கிறது. மேலே இருக்கும் ஃப்ளைவீல் நிற்க மனமில்லாமல் தொடர்ந்து சுழலப் பார்க்கிறது. ஏறக்குறைய 2 கிலோ எடை, அதில் பெரும்பகுதி விளிம்பில். 3,000 சுற்றில் அதற்குள் 400 ஜூல் அளவுக்கு ஆற்றல் இருக்கும் என்பது என் தோராயக் கணக்கு. அது ஐந்து மில்லிவிநாடியில் நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஃப்ளைவீலுக்கும் க்ராங்குக்கும் இடையில் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய முறுக்குவிசை விழுகிறது. இந்த எஞ்சின் முழுத் திறனில் தருவதே 9 நியூட்டன் மீட்டர் சொச்சம்தான்.

இருசக்கர வண்டிப் பட்டறைகளில் மேக்னெட் என்று சொல்கிற இந்த ஃப்ளைவீல், க்ராங்கின் மேல்முனையில் உள்ள சரிவான டேப்பரில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு நட்டு அதை அழுத்திப் பிடிக்கிறது. பிடிப்பைத் தருவது டேப்பரின் உராய்வு. க்ராங்கிலும் ஃப்ளைவீலிலும் வெட்டியிருக்கும் காடியில் உட்காரும் சிறிய உலோகத் துண்டான கீ, ஃப்ளைவீல் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. பழைய எஞ்சின்களில் பொறியின் நேரத்தை முடிவு செய்த பிளாட்டினம் பாயிண்ட் இல்லாத இந்த எஞ்சின்களில், ஃப்ளைவீல் விளிம்பில் பதித்த காந்தம், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கடக்கும் நேரம்தான் தீப்பொறியின் நேரம். க்ராங்க் நின்று, ஃப்ளைவீல் மட்டும் சுழலும் திசையில் கொஞ்சம் முன்னே நகர்ந்து நின்றுவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் காயிலைச் சீக்கிரமாகவே கடக்கும். தீப்பொறியும் சீக்கிரமாகவே வரும்.

கீ முழுவதும் வெட்டுப்பட்டு ஃப்ளைவீல் நன்றாகத் திரும்பிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. அப்போது எவருக்கும் சந்தேகம் வந்துவிடும். பாதி வெட்டுப்பட்டால்தான் தொல்லை. ஸ்டார்ட் ஆகும், ஓடும், மோசமாக ஓடும். பார்க்கிறவர் கண் தானாகவே கார்புரேட்டர் பக்கம் போய்விடும்.

முதலில் கீழே

சந்தேகம் மேலே இருந்தாலும் வேலையைக் கீழிருந்து தொடங்கினேன். காரணம் உண்டு. இலேசான அலுமினிய ஃப்ளைவீல் போட்ட மோவர்களில் பிளேடும் ஒரு ஃப்ளைவீல்போல வேலை செய்கிறது. பிளேடு போல்ட் தளர்ந்திருந்தாலும், பிளேடைப் பிடிக்கும் அடாப்டரின் கீ உடைந்திருந்தாலும், கயிறு இதேபோலக் கையைப் பிடுங்கும். இரண்டு பழுதுக்கும் ஒரே அறிகுறி. இதில் கீழே உள்ளதைப் பார்ப்பது எளிது.

ப்ளக் வயரைக் கழற்றி, தானாகப் போய்த் தொடாதபடி தள்ளிக் கட்டினேன். இதைச் செய்யாமல் பிளேடில் கை வைப்பவரை என் பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. பிறகு மோவரை ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்தேன். அப்போதுதான் புகைக்கான விடை கிடைத்தது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தால், காகித ஃபில்டர் முழுவதும் எஞ்சின் ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. அடிபட்ட உடனே பிளேடைப் பார்ப்பதற்காகத் தோட்டக்காரர் மோவரைக் கவிழ்த்திருக்கிறார்; ஃபில்டர் கீழ்ப்பக்கம் போகும்படி. க்ராங்க் கேஸில் இருந்த ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் வந்துவிட்டது. மெக்கானிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தவர், ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டு அப்படியே மாட்டியிருக்கிறார். காகித ஃபில்டரில் ஆயில் ஊறினால் காற்று போகாது, கழுவியும் பயனில்லை. புதிது போட்டு, குறைந்திருந்த ஆயிலை நிரப்பினேன். புகை பெரிதும் அடங்கியது. கயிறு பிடுங்குவது அப்படியே இருந்தது. இரண்டு பழுதுகள் ஒரே நாளில் வந்து ஒன்றின் அறிகுறியை மற்றொன்று மறைத்துக்கொண்டிருந்தன.

பிளேடில் மோதிய இடம் பளிச்சென்று தெரிந்தது. வெட்டும் முனையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஆழமான பல். பிளேடை மூடியிருக்கும் டெக்கின் ஓரத்தில் ஓரிடத்தை அடையாளம் வைத்து, பிளேடின் இரண்டு நுனிகளையும் ஒவ்வொன்றாக அங்கே கொண்டுவந்து அளவுகோலால் உயரத்தை அளந்தேன். ஒன்றுக்கொன்று 5 மி.மீ. வித்தியாசம். இது பிளேடு வளைந்ததாலும் இருக்கலாம், க்ராங்க் வளைந்ததாலும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. க்ராங்கை அசைக்காமல் போல்ட்டைத் தளர்த்தி, பிளேடை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். தாழ்ந்த நுனி பிளேடோடு சேர்ந்து இடம் மாறினால் பிளேடு வளைந்திருக்கிறது. பழைய இடத்திலேயே தாழ்வு நின்றால் க்ராங்க் வளைந்திருக்கிறது. இங்கே தாழ்வு பிளேடோடு போனது. மனத்தில் ஒரு பாரம் இறங்கியது. க்ராங்க் வளைந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வளைந்து நிமிர்த்திய க்ராங்க் ஓடும்போது முறிந்தால், பிளேடு டெக்கை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். அந்தச் செலவுக்குப் பழைய மோவரைத் தள்ளிவிடுவதே பல நேரம் லாபம்.

உறுதிக்காகப் பிளேடையும் அடாப்டரையும் கழற்றி, க்ராங்கின் கீழ்முனையில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்றினேன். முள் அசைந்தது மயிரிழை அளவுதான். அடாப்டர் கீ முழுசாக இருந்தது. கீழ் ஆயில் சீலில் கசிவு இல்லை. கவர்னர் கம்பிகளும் ஸ்பிரிங்கும் தங்கள் இடத்தில் இருந்தன. கீழ்ப்பக்கம் பிளேடைத் தவிர எல்லாம் குற்றமற்றவை.

தீப்பொறி இருக்கிறது, எப்போது வருகிறது?

ப்ளக்கை வெளியே எடுத்துத் தீப்பொறி பார்ப்பது, தீப்பொறி உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். அது பிஸ்டன் எங்கே இருக்கும்போது வந்தது என்பதைச் சொல்லாது. கம்ப்ரஷன் சோதனையும் சொல்லாது, பெட்ரோல் வருகிறதா என்ற சோதனையும் சொல்லாது. இந்த மோவர் அந்த மூன்று தேர்விலும் நூற்றுக்கு நூறு வாங்கியது. நான்காவது தேர்வை யாரும் வைக்கவில்லை.

விடுதியில் இதே மாடலில் இன்னொரு மோவர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதையும் கொண்டுவரச் சொன்னேன். இந்த எஞ்சினில் டைமிங் குறி எதுவும் பொறிக்கப்படவில்லை. ஆகவே நல்ல எஞ்சினே அளவுகோல்.

இரண்டிலும் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி ஃப்ளைவீலை வெளியே தெரிய வைத்தேன். அடுத்த வேலை பிஸ்டன் உச்சியில் இருக்கும் கோணத்தைக் கண்டுபிடிப்பது. ப்ளக் துளைக்குள் குச்சியை விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடமே உச்சி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். உச்சிக்கு அருகில் பிஸ்டன் ஏறக்குறைய அசையாமலே க்ராங்க் பல டிகிரி திரும்பிவிடும். நான் தேடுவதே பத்து டிகிரிக்குள் இருக்கும் ஒரு வித்தியாசம். அதனால் ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டுக்கொண்டேன். பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் கோடு துளையின் விளிம்புக்கு வரும் இடத்தில் ஃப்ளைவீலில் ஒரு குறி. உச்சியைத் தாண்டிப் பிஸ்டன் இறங்கும்போது அதே கோடு மறுபடி விளிம்புக்கு வரும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டு குறிகளுக்கும் சரிபாதி எதுவோ அதுதான் உச்சி. இரும்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், சிலிண்டரைக் கீறிவிடும். இந்தக் காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் பொறி தட்டுவதால், அது கம்ப்ரஷன் உச்சியா எக்ஸாஸ்ட் உச்சியா என்று குழம்பவும் தேவையில்லை.

நல்ல மோவரில், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது காந்தத்தின் பின்விளிம்பு காயிலின் காலைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை ஒரு ஒட்டுநாடாவில் குறித்தேன். அதே நாடாவை அடிபட்ட மோவரில் வைத்துப் பார்த்தால், காந்தம் இன்னும் 14 மி.மீ. முன்னால் நின்றது. ஃப்ளைவீல் விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 55 செ.மீ.; 14 மி.மீ. என்றால் 9 டிகிரி. க்ராங்க் முனையின் விட்டம் கீ இருக்கும் இடத்தில் சுமார் 19 மி.மீ.; அங்கே 9 டிகிரி என்பது ஒன்றரை மில்லிமீட்டர். நட்டில் கை வைப்பதற்கு முன்பே, கீயில் ஒன்றரை மில்லிமீட்டர் படி விழுந்திருக்க வேண்டும் என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஒன்பது டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 3,000 சுற்றில் க்ராங்க் ஒரு மில்லிவிநாடிக்கு 18 டிகிரி திரும்புகிறது. ஆக, தீப்பொறி அரை மில்லிவிநாடி முந்துகிறது. ஆனால் இந்த வகை எஞ்சின்களில் தீப்பொறி உச்சிக்கு 20 முதல் 25 டிகிரி முன்னால் என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது; வேகத்துக்கு ஏற்றபடி மாறாது. அது இப்போது 29 முதல் 34 வரை போய்விட்டது. கயிற்றை இழுக்கும்போது எஞ்சின் சில நூறு சுற்றில்தான் சுழலும். பிஸ்டன் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போதே எரிந்த வாயு அழுத்தம் உச்சத்துக்கு வந்துவிடுகிறது. பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. கயிறு கையைப் பிடுங்குவது இதனால்தான். க்ராங்க் எதிர்த்திசையில் சுற்றும்போது இன்டேக் வால்வு திறந்து, எரியும் வாயு கார்புரேட்டர் வழியாகச் சீறுகிறது. பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; டைமிங் முந்திய வண்டியின் கிக்கர் கணுக்காலில் திருப்பி அடித்த வலி அவர்களுக்குத் தெரியும்.

கீ

ஃப்ளைவீல் திரும்பாமல் பிடிக்க அதன் விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகுவது பல பட்டறைகளில் வழக்கம். ஒரு இறக்கை உடைந்தால் சமநிலை போய்விடும், குளிர்ச்சியும் குறையும். பெல்ட் ஸ்பேனரால் பிடித்து, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டைத் திருப்பினேன். 40 நியூட்டன் மீட்டருக்குள்ளேயே நட்டு அசைந்துவிட்டது. இந்த அளவு எஞ்சின்களில் இந்த நட்டு பெரும்பாலும் 70 முதல் 90 வரை இறுக்கப்பட வேண்டியது. அதைத் தனியாகக் குறித்துவைத்தேன்.

ஃப்ளைவீலில் இதற்கென்றே விட்டிருக்கும் துளைகளில் புல்லரைப் பொருத்தி இழுத்தேன். உள்ளே இருந்த கீயில், கீழ்ப்பாதி க்ராங்கின் காடியிலும் மேல்பாதி ஃப்ளைவீலோடு சேர்ந்து ஒரு பக்கம் தள்ளியும், நடுவில் படி விழுந்திருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை அதிகம். வெட்டுப்பட்ட இடம் வெள்ளிபோலப் புதிதாக மின்னியது.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் இது ஒரு பத்தியில் சொல்ல வேண்டிய கதை. ஆனால் டேப்பரில் செம்பழுப்பும் கறுப்பும் கலந்த மெல்லிய பொடி படிந்திருந்தது. இரண்டு உலோகங்கள் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வரும் பொடி அது. ஒரே அடியில் வராது. கீயின் இரண்டு பக்கங்களும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அதாவது முளையில் மோதுவதற்கு வெகு நாள் முன்பிருந்தே ஃப்ளைவீல் டேப்பரில் இலேசாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. தோட்டக்காரரைக் கேட்டதற்கு, போன மழைக்காலத்தில் மோவர் நனைந்து காந்தம் துருப்பிடித்துவிட்டது என்றும், யாரோ வந்து கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்கள் என்றும் சொன்னார். "அதற்குப் பிறகு கயிறு எப்போதாவது இலேசாக வெட்டும். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை."

இந்த ஆட்டத்துக்கு எரிபொருள் ஊற்றும் ஓர் அமைப்பும் மோவரிலேயே உண்டு. கைப்பிடியில் உள்ள வளையத்தை விட்டவுடன் ஒரு பிரேக் ஃப்ளைவீலைக் கவ்விப் பிடிக்கிறது. அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, தள்ளும் மோவர்களில் கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகவே இந்த பிரேக் பரவலாக வந்தது. நல்ல ஏற்பாடு, பல விரல்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பிளேடையும் க்ராங்கையும் நிறுத்தும் விசை அதே டேப்பர் வழியாகத்தான் போகிறது. நட்டு சரியான இறுக்கத்தில் இருந்தால் டேப்பர் அசையாது. தளர்ந்திருந்தால், ஓடும்போது ஒரு பக்கமும் நிறுத்தும்போது மறுபக்கமும் கீ நசுங்கிக்கொண்டே இருக்கும். முளை செய்தது கடைசி வேலை. நட்டு முழு இறுக்கத்தில் இருந்திருந்தால் இந்த அடியைக் கீ தாங்கியிருக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். மேலே சொன்ன 500 நியூட்டன் மீட்டர் கணக்கு அப்படி. ஆனால் நோய் ஏற்கெனவே இருந்தது என்பதற்குப் பொடி சாட்சி.

இரும்புக் கீ வேண்டாம்

இந்த மாடலுக்கான கீ கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பக்கத்து லேத் பட்டறைக்காரர் கீயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது என்ன ஈயம் மாதிரி இருக்கிறது? நான் ஸ்டீலில் கடைந்து தருகிறேன், ஆயுசுக்கும் போதும்." எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் யோசனைதான் இது. ஏற்கவில்லை. கீயை மென்மையான உலோகத்தில் செய்திருப்பது சிக்கனத்துக்காக அல்ல. இரும்புக் கீ வெட்டுப்படாது. அதற்குப் பதிலாக ஃப்ளைவீலின் காடி விரிந்துபோகும், அல்லது நடுப்பகுதி பிளந்துபோகும். சில பத்து ரூபாய்ச் சாமான் போக வேண்டிய இடத்தில் சில ஆயிரம் ரூபாய்ச் சாமான் போகும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நம்பிக்கை உண்டு: க்ராங்க் வளையாமல் காப்பாற்றுவதற்காகவே கீ வெட்டுப்படுகிறது என்பது. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. க்ராங்கை வளைப்பது பிளேடு நுனியில் பக்கவாட்டில் விழும் அடி. கீ இருப்பது மறுமுனையில். அது வெட்டுப்பட்டாலும் படாவிட்டாலும் வளைய வேண்டிய க்ராங்க் வளையத்தான் செய்யும். இந்த க்ராங்க் தப்பியதற்குப் பிளேடு வளைந்துகொடுத்ததும் முளை சாய்ந்துகொடுத்ததும் காரணமாக இருக்கலாம். கீ காப்பாற்றுவது இரண்டு காடிகளை. தளர்ந்த ஃப்ளைவீலோடு எஞ்சின் நன்றாக ஓடுவதுபோல் நடிக்கவும் அது விடுவதில்லை.

மாட்டுவதற்கு முன் ஃப்ளைவீலின் நடுப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே வந்து பொடியில் கோடு போடும். கோடு எதுவும் வரவில்லை. காடிகளின் ஓரங்களும் கூர்மையாகவே இருந்தன. டேப்பரில் ஒட்டியிருந்த பொடியை மெல்லிய எமரித் தாளால் எடுத்து, இரண்டு பக்கங்களையும் ஈரமில்லாமல் துடைத்தேன். இங்கே ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது. உராய்வுதான் பிடிப்பு என்னும்போது அதைக் கெடுப்பானேன்? கீ வந்ததும் மாட்டி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்கினேன். காயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.25 முதல் 0.36 மி.மீ.; நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் காயிலை இழுத்துக்கொள்ள விட்டு, திருகை முடுக்கிவிட்டுக் கார்டை உருவினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். பிளேடை நிமிர்த்தவில்லை, சூடுகாட்டி நிமிர்த்தினால் எஃகின் பதம் போய்விடும். புதுப் பிளேடும் புது போல்ட்டும் போட்டேன்.

மறுபடி உச்சி பார்த்தேன். நாடாவின் குறியும் காந்தத்தின் விளிம்பும் ஒன்றாக நின்றன. கயிறு சாதுவாக வந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. சைலன்சருக்குள் தங்கியிருந்த ஆயில் எரிந்து தீரும் வரை கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றது. டேக்கோமீட்டர் 3,000-ஐ ஒட்டியே காட்டியது.

விடுதியில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறை மிஞ்சியது. அடர்ந்த புல்லில் எஞ்சின் நிற்கவில்லை என்றாலும் இலேசாக இளைத்தது. ப்ளக் முனை கரி படிந்திருந்தது. இங்கேதான் முதலில் வந்த மெக்கானிக் சொன்ன உயரக் காரணம் பொருந்துகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் இத்தகைய எஞ்சின் 3 முதல் 3.5 சதவீதம் திறனை இழக்கும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர். கால்வாசித் திறன் போய்விடுகிறது. காற்று குறைந்தாலும் ஜெட் அதே அளவு பெட்ரோலைத்தான் விடும், அதனால் கரி. மலைப்பகுதிக்கென்று சற்றுச் சிறிய துளையுள்ள மெயின் ஜெட் கிடைக்கிறது. அதைப் போட்டு, வெட்டு உயரத்தை ஒரு படி கூட்டி வைக்கச் சொன்னேன். போன திறன் திரும்பி வராது, கரியாவது குறையும்.

ஒரு மாதப் புல்வெட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கீழ் ஆயில் சீல் உலர்ந்திருந்தது. நட்டில் டார்க் ரெஞ்சை வைத்தேன், அசையவில்லை. அளவுகோலாக வைத்துக்கொண்ட இரண்டாவது மோவரையும் அதே மழைக்காலத்தில் அதே ஆள்தான் கழற்றி மாட்டியிருந்தார் என்று தோட்டக்காரர் அன்று போகிற போக்கில் சொன்னார். உடனே அதன் மூடியையும் கழற்றினேன். கீ முழுசாக இருந்தது. நட்டு 45 நியூட்டன் மீட்டரில் திரும்பியது.